'இயற்கைச் சுழற்சி' என்று சொல்லித் தப்ப முடியாது

ஆசிரியர் அவர்களுக்கு,

சென்ற ஞாயிறு இதழில் வந்த காலநிலைக் கட்டுரையைப் படித்தேன். பூமியில் பனிக்காலமும் வெப்பக்காலமும் மாறி மாறி வந்திருக்கின்றன, ஆழ்கடல் படிவுகளே அதற்குச் சாட்சி, ஆகவே இப்போது நடப்பதும் இயற்கைச் சுழற்சிதான் என்று கட்டுரையாளர் முடித்திருந்தார். முதல் இரண்டும் சரி. மூன்றாவதுதான் இடிக்கிறது. பல காலம் உயர்தர வகுப்புக்குப் புவியியல் படிப்பித்தவள் என்ற உரிமையில் இதை எழுதுகிறேன்.

ஆழ்கடலின் அடியில் ஆயிரம் ஆண்டுக்கு ஒரு சில சென்ரிமீற்றர் என்ற கணக்கில் சேறு படிகிறது. அதில் போராமினிபெரா என்ற ஒருகல உயிரிகளின் ஓடுகள் நிறைந்து கிடக்கும். மணல் பருக்கை அளவுதான்; உருப்பெருக்கியில் வைத்தால் குட்டிச் சங்கு மாதிரி அறை அறையாகச் சுருண்டிருப்பது தெரியும். இந்த இனத்தின் பழைய ஓடுகள் நம் ஊரில் கிணறு வெட்டும்போது வரும் சுண்ணாம்புக் கல்லிலும் உண்டு. யாழ்ப்பாணக் குடாநாடு நிற்பதே பல மில்லியன் ஆண்டுகளுக்கு முந்திய மயோசீன் காலக் கடலில் உருவான கல்லின் மேல்தான்.

அந்த ஓட்டை அமிலத்தில் கரைத்து, வரும் வாயுவில் ஒட்சிசனின் இரண்டு சமதானிகளை (ஒரே மூலகத்தின் வெவ்வேறு பாரமுள்ள அணுக்களை), அதாவது 16ஐயும் 18ஐயும், அளக்கிறார்கள். பாரம் குறைந்த 16 உள்ள நீர் சுலபமாக ஆவியாகும். பனிக்காலத்தில் அது தரையில் பனிப்பாறையாக இறுகிவிட, கடலில் 18இன் பங்கு கூடும். அந்தக் கடலில் வாழ்ந்த உயிரியின் ஓடும் அதையே காட்டும். சேற்றை மேலிருந்து கீழாகப் படித்துக்கொண்டு போனால் பனி வந்ததும் போனதும் வரிசையாக வெளிவரும்.

1976இல் ஜேம்ஸ் ஹேய்ஸ், ஜோன் இம்ப்ரி, நிக்கலஸ் ஷாக்கிள்டன் என்ற மூன்று விஞ்ஞானிகளும் தென் இந்து சமுத்திரத்தின் அடியில் குழாய் இறக்கி எடுத்த இரண்டு நீண்ட சேற்றுத் தண்டுகளை வைத்து 4,50,000 ஆண்டுக் கதையைப் படித்தார்கள். அதில் ஒன்று எடுத்த இடம் ஏறத்தாழ 80 பாகை கிழக்கு. யாழ்ப்பாணத்திலிருந்து நேர் தெற்கே கோடு கீறினால் அங்கேதான் போய் நிற்கும். வகுப்பில் இதைச் சொல்லும்போது பிள்ளைகள் உடனே தேசப்படத்தைப் பார்ப்பார்கள். அந்த மூன்று விஞ்ஞானிகளுக்கும் கிடைத்த, பனி வந்து போகும் கால இடைவெளிகள் ஏறத்தாழ 1,00,000, 42,000, 23,000, 19,000 ஆண்டுகள். பூமியின் பாதை நீள்வட்டமாவதும் வட்டமாவதும், அச்சின் சாய்வு 22.1 பாகைக்கும் 24.5 பாகைக்கும் இடையே ஆடுவதும், அச்சு பம்பரத்தின் தலைபோல மெல்லச் சுழன்று திசை மாறுவதும் எடுக்கும் காலங்கள் இவை. சேர்பிய அறிஞர் மிலுட்டின் மிலன்கோவிச் பல ஆண்டுகள் கையாலேயே கணக்குப் போட்டுச் சொன்னது இதைத்தான். முதலாம் உலகப் போரில் கைதாகி புடாபெஸ்டில் வைக்கப்பட்டிருந்த நாட்களிலும் அவர் அந்தக் கணக்கை விடவில்லை. 1958இல் கண்மூடியவருக்கு, அதற்கு 18 ஆண்டுகளுக்குப் பிறகுதான் கடலடிச் சேறு சாட்சி சொன்னது. இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனம் கனக்கும்.

சரி, சுழற்சி உண்மை. அப்படியென்றால் அந்தச் சுழற்சியையே கேட்போம், இப்போது என்ன நடக்க வேண்டும் என்று. இன்று பூமி சூரியனுக்கு மிக அருகே வருவது ஜனவரி தொடக்கத்தில், அதாவது வடபாதியின் குளிர்காலத்தில். அச்சின் சாய்வும் குறைந்துகொண்டு போகிறது. பனிப்பாறைகளின் தலைவிதியைத் தீர்மானிக்கும் வடபாதியின் கோடை வெயில் சுமார் பத்தாயிரம் ஆண்டுகளாகக் குறைந்தே வருகிறது. ஆகவே இந்தச் சுழற்சிப்படி பூமி மெல்லக் குளிர வேண்டுமே தவிர, சூடேறக் கூடாது. ஆனால் 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியோடு பார்த்தால் ஒரு பாகை செல்சியஸுக்கு மேல் ஏறிவிட்டது.

வேகத்தையும் பாருங்கள். கடைசிப் பனிக்காலம் முடிந்தபோது, வெப்பத்தைப் பிடித்துவைக்கும் காபனீரொட்சைட்டு வளியில் பத்து இலட்சத்துக்கு 80 பங்கு அளவில் கூட ஆறேழாயிரம் ஆண்டுகள் எடுத்தன. ஹவாயில் 1958இல் அளக்கத் தொடங்கியதிலிருந்து இன்றைக்குள் 100 பங்குக்கு மேல் கூடிவிட்டது. அந்தாட்டிக்காவின் பனித்தண்டுகள் காட்டும் 8,00,000 ஆண்டுகளில் அது 300ஐத் தாண்டிப் போனதில்லை. இன்று 420ஐத் தாண்டி நிற்கிறது.

பழைய சுழற்சிகளைப் படித்தவருக்கு ஆறுதல் வராது, பயம்தான் வரும். ஏனென்றால் ஆண்டு முழுதும் பூமிக்குக் கிடைக்கும் மொத்த வெயில் அந்த மாற்றங்களால் அநேகமாக மாறுவதேயில்லை. எந்த மாதத்தில் எந்த அகலக்கோட்டில் விழுகிறது என்பதுதான் மாறுகிறது. அந்தச் சின்னத் தள்ளலை பனியும் காபனீரொட்சைட்டும் சேர்ந்து பெரிதாக்கி, கடல் மட்டத்தை 120 மீற்றர் வரை இறக்கி ஏற்றியிருக்கின்றன. 20,000 ஆண்டுகளுக்கு முன் பாக்கு நீரிணை தரை. பருத்தித்துறையிலிருந்து தமிழ்நாட்டின் கோடிக்கரை வரை நடந்தே போயிருக்கலாம். அவ்வளவு இலகுவில் அசையக்கூடிய ஒரு பூமியை இப்போது நாம் தள்ளுகிறோம்.

வங்காள விரிகுடாவின் வடபுறத்தில் எடுத்த சேற்றை வைத்து 2021இல் வெளிவந்த ஓர் ஆய்வு, கடந்த 9,00,000 ஆண்டுகளில் காபனீரொட்சைட்டு கூடிய காலங்களில் தென்னாசியக் கோடைப் பருவமழையும் பலத்ததைக் காட்டியது. அது தென்மேற்குப் பருவக்காற்றின் கதை. நம்முடைய ஐப்பசி கார்த்திகை மாரிக்கு அதை அப்படியே பொருத்தக் கூடாது. ஆனால் 2024 நவம்பரில் வெள்ளத்தைக் கண்டவர்கள் மழையைப் பற்றி அலட்சியமாக இருக்க மாட்டார்கள்.

நான் இவ்வளவு வற்புறுத்துவதற்குக் காரணம் இருக்கிறது. எங்கள் பகுதியில் நடந்த ஒரு கூட்டத்தில், கிணறுகள் உவராவதைப் பற்றிக் கேட்ட தோட்டக்காரருக்கு ஓர் அதிகாரி சொன்ன பதிலும் 'இயற்கைச் சுழற்சி'தான். கேட்டவர் பேசாமல் இருந்துவிட்டார். நம் குடிநீர் கல்லுக்குள் உப்புநீரின் மேல் மிதக்கும் மெல்லிய நன்னீர்ப் படை. அளவுக்கு மீறி இறைப்பதால் அது மெலிகிறது, கடல் ஏறுவது அதன் மேல் சேர்கிறது. இரண்டிலும் மனிதர் கை இருக்கிறது. தொண்டைமானாறு, அரியாலை உவர்நீர்த் தடுப்பணைகளைச் சரிவரப் பேணுவதும், எவ்வளவு இறைக்கலாம் என்று வரையறுப்பதும் இன்றே செய்யக்கூடியவை. இருபதாயிரம் ஆண்டுச் சுழற்சியைக் காட்டி அவற்றைத் தள்ளிப்போட விடலாமா?

கடலடிப் படிவுகளைப் பற்றி இன்னும் எழுத விடுங்கள், அது அருமையான விஞ்ஞானம். ஆனால் எத்தனை ஆண்டுச் சுழற்சி, இப்போது அது எந்தப் பக்கம் போகிறது என்ற இரண்டு விபரமும் இல்லாத கட்டுரையை, தயவுசெய்து திருப்பி அனுப்பி எழுதி வாங்குங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற புவியியல் ஆசிரியை,
உரும்பிராய்.