இடிபாடுகளுக்கும் வழிக்குறி வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

ஜெர்மனியில் பான் நகரிலிருந்து வீஸ்பாடன் வரை ரைன் ஆற்றின் கரையோரக் காடுகளூடே 320 கிலோமீட்டர் நீளும் 'ரைன்ஸ்டைக்' நடைபாதையில், சென்ற ஆண்டு என் மகனுடன் மூன்று நாள்கள் நடந்தேன். பாழடைந்த கோட்டைகளை நோக்கி ஏறும் ஒற்றையடிப் பாதைகளில் (என் முழங்கால்தான் ஒத்துழைக்கவில்லை), நீலப் பின்னணியில் வெள்ளை 'ஆர்' எழுத்து வழிகாட்டிக்கொண்டே வந்ததால், எவரிடமும் வழி கேட்கவே நேரவில்லை.

1964 டிசம்பர் புயலில் அழிந்த நம் தனுஷ்கோடியிலோ, பவளக்கல்லால் கட்டப்பட்ட தேவாலயச் சுவரில் ஏறி நின்று படமெடுப்போரையே கண்டேன். எது ரயில் நிலையம், எது தேவாலயம் எனச் சொல்லும் தமிழ்ப் பலகைகளையும், சுவர்களைத் தொடாமல் விலகிச் செல்லும் மரப்பலகை நடைபாதையையும் உரிய துறையினர் அமைத்துத் தர வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
தங்கச்சிமடம்.