12.178-ஐ 1.886-ஆல் வகுத்தேன்

அன்புள்ள பாப்பாவுக்கு,

ஊட்டியில் மூன்று நாளாக மழை. நீ போனில் சொன்ன எண்களை நாள்காட்டித் தாளின் பின்பக்கம் எழுதி வகுத்துப் பார்த்தேன். ஆய்வகத்தில் மெத்தனாலின் கோடு, அதாவது அது ரேடியோ அலையை உறிஞ்சும் அதிர்வெண், 12.178 கிகாஹெர்ட்ஸ். 1.886-ஆல் வகுத்தால் 6.457, தொலைதூர விண்மீன் மண்டலத்து மெத்தனாலில் நீ கண்ட அதே எண். வழியெல்லாம் பிரபஞ்சம் விரிந்ததில் அலை அவ்வளவு நீண்டிருக்கிறது. ஜெர்மனியில் உங்கள் எஃபெல்ஸ்பெர்க் ரேடியோ தொலைநோக்கியின் 100 மீட்டர் டிஷ்ஷும் என் பென்சிலும் ஒரே விடை சொன்னதில் எனக்குக் கொஞ்சம் கர்வம்தான்.

"கள்ளச்சாராயச் சாவுச் செய்தியில் வருமே, அதே மெத்தனாலா?" என்றாள் அம்மா. அதேதான் என்றேன். 700 கோடி ஆண்டுக்கு முந்தையதை எப்படிப் பார்க்கிறாள் என்று அடுத்த கேள்வி. இட்லிப் பானையின் ஆவிக்குப் பின்னால் எரிந்த பல்பைக் காட்டினேன். பல்புதான் குவேசார், வெகுதொலைவில் பளிச்சென்று எரியும் விண்மீன் மண்டலக் கரு; ஆவிதான் நடுவில் இருக்கும் விண்மீன் மண்டலம். ஆவி தானாக ஒளிர வேண்டியதில்லை, எத்தனை தூரத்தில் இருந்தாலும் பரவாயில்லை. பின்னால் விளக்கு பளிச்சென்று எரிந்தால் அதன் நிழல் நமக்குத் தெரிந்துவிடும். அவள் தலையாட்டிவிட்டு அடுப்பை அணைத்தாள்.

இங்கே ஊட்டி முத்தோரை ரேடியோ தொலைநோக்கியில் எங்களுக்கு இந்தக் கொடுப்பினை இல்லை. 530 மீட்டர் நீளம், 1100 எஃகுக் கம்பிகள், ஆனால் காது 326.5 மெகாஹெர்ட்ஸுக்கு மட்டும். மெத்தனால் பக்கத்தில் வந்து கத்தினாலும் கேட்டிருக்காது.

இனி விஷயத்துக்கு வருகிறேன். 6.457-இல் உள்ள கோடும் 25.65-இல் உள்ள இன்னொரு மெத்தனால் கோடும் ஒரே 1.886-க்குச் சரியாகப் பொருந்தவில்லை, புரோட்டான்–எலக்ட்ரான் நிறை விகிதமே அன்று வேறாக இருந்திருக்குமோ என்று கேட்டாய். குரலில் இருந்த படபடப்பைக் கவனித்தேன். மெத்தனாலுக்குள் ஒரு பகுதி பம்பரம்போல் தனியாகச் சுழல்வதால், விகிதம் இம்மி மாறினாலும் ஒவ்வொரு கோடும் ஒவ்வோர் அளவு நகரும், அது சரி. ஆனால் இதே மண்டலத்தில், இதே மெத்தனாலை வைத்து, உங்கள் டிஷ்ஷிலேயே முன்பு அளந்தவர்கள் கோடியில் ஒரு பங்கு அளவுக்குக்கூட மாற்றம் காணவில்லை.

எனக்குச் சந்தேகம் விளக்கின் மேல்தான். அந்தக் குவேசார் சும்மா இருப்பதில்லை. சில மாதங்களில் அதன் உருவம் மாறுகிறது, நிழலும் கூடவே மாறுகிறது. ஒரு கோட்டைக் கோடையிலும் மற்றதைக் குளிர்காலத்திலும் எடுத்திருந்தால், நீ இரண்டு வேறு நிழல்களை ஒப்பிட்டுக்கொண்டிருக்கிறாய்.

பேராசிரியரிடம் போவதற்கு முன் இரண்டு கோடுகளும் எடுத்த தேதிகளை எனக்கு எழுது. ரசப்பொடி பார்சலில் வருகிறது.

அப்பா