தம்பியின் குளிசை

கல்லடி

அன்பின் மச்சான்,

கடிதம் கிடைத்தது. மகள் கம்பஸுக்கு எடுபட்டதில் எங்கள் எல்லோருக்கும் சந்தோஷம். இங்கே கச்சான் காற்று தொடங்கி, பகலில் வெளியே தலை காட்ட முடியவில்லை.

தம்பியின் கதைக்கு வருகிறேன். "சுகம்தானே, இனி ஏன் குளிசை?" என்று கேட்கிறானாம். எங்கள் கிளினிக்கில் அதைக் கேட்காத ஆளே இல்லை. சுகமாக இருக்கும்போதும் விடாமல் போட வேண்டிய குளிசை, மச்சான், பைபோலர் என்ற மனவருத்தத்துக்கு அவனும் நானும் போடும் இந்த லிதியம். அடுத்த முறை மனம் தலைகால் தெரியாமல் ஏறாமலும், கிடங்கில் விழாமலும் பார்ப்பதுதான் அதன் வேலை. சட்டென்று நிறுத்தினால் வருத்தம் திரும்புவது அதிகம். விடத்தான் வேண்டுமென்றால் டொக்டரிடம் சொல்லி, குறைந்தது 4 கிழமை, முடிந்தால் 3 மாதம் எடுத்து மெல்ல மெல்லக் குறைக்கட்டும்.

கிட்னி பழுதாகும் என்ற மாமியின் பயம் வீண் இல்லை. அதற்குத்தான் இரத்தச் சோதனை. இரவுக் குளிசை போட்டு 12 மணித்தியாலம் கழித்து இரத்தம் கொடுக்க வேண்டும். எனக்கு இரத்தத்தில் லிதியத்தின் அளவு 0.6க்கும் 0.8க்கும் இடையில் நின்றால் டொக்டர் தலையாட்டிவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிடுவார். கிட்னியையும் தைரொய்ட்டையும் 6 மாதத்துக்கு ஒருமுறை பார்ப்பார்கள்.

திருக்கோவில் வெயிலில் வயலுக்குப் போகிறவனுக்கு இன்னும் கவனம் வேண்டும். வியர்த்தோ வயிற்றோட்டத்தாலோ உடம்பு வற்றினால் லிதியம் இரத்தத்தில் ஏறிவிடும். ஆடி அமாவாசை விரதத்தில் தண்ணீர் குடிக்காமல் இருக்க விடாதே, முருகன் கோபிக்க மாட்டான். வீட்டில் பிரஷருக்கென்று திடீரென உப்பைக் குறைத்தாலும் இதே சிக்கல்தான். இடுப்பு நோவுக்கு டைக்குளோபினாக் வேண்டாம், பரசிட்டமோல் போதும்.

கை கொஞ்சம் நடுங்கும். என் எழுத்தைப் பார்த்தாலே தெரியும்; தேத்தண்ணிக் கோப்பையையும் பாதிதான் நிரப்புவேன். ஆனால் நடை தள்ளாடி, பேச்சுக் குழறி, வாந்தியும் வந்தால் விடியட்டும் என்று இருக்காதே, உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போ.

அப்புறம், அவனுக்குக் கலியாணம் பேசுவதாக எழுதியிருந்தாய். பெண் வீட்டாரிடம் மறைக்கச் சொல்கிறவர்கள் பேச்சைக் கேட்காதே. அலுமாரிக்குள் ஒளித்து வைத்துக் குளிசை போடுகிறவன் எத்தனை நாளைக்குத்தான் ஒழுங்காகப் போடுவான்? என் மனுசிதான் இரவுச் சாப்பாட்டோடு என் குளிசையை எடுத்து வைக்கிறாள்.

அவனுக்கு மனம் இருந்தால் ஒரு ஞாயிறு இங்கே அனுப்பு. நான் கதைக்கிறேன். கிளினிக் கொப்பியையும் மறக்காமல் கொண்டு வரச் சொல்.

அன்புடன்,
உன் மச்சான்