நாப் வைத்ததையே வாங்கு

அன்பு மகளுக்கு,

நீ அனுப்பிய இரண்டு இண்டக்‌ஷன் அடுப்புகளின் படங்களையும் அம்மாவும் நானும் பார்த்தோம். விரலால் தொட்டு இயக்கும் டச் பட்டன் வைத்ததுதான் பார்க்க அழகு, அதில் சண்டை இல்லை. கறுப்புக் கண்ணாடி மேடையோடு மேடையாகப் படிந்து கிடக்கிறது. ஆனாலும் என்னைக் கேட்டால் கையால் திருகும் நாப் வைத்ததையே வாங்கு என்பேன். காரணத்தைப் போனில் சொல்ல ஆரம்பித்தால் பாதியிலேயே "சரிப்பா, பார்க்கலாம்" என்று வைத்துவிடுவாய். அதனால்தான் எழுதுகிறேன்.

சூடாக்குகிற விதத்தில் இரண்டுக்கும் வித்தியாசமே கிடையாது. கண்ணாடிக்குக் கீழே செம்புக் கம்பிச் சுருள் இருக்கும். அதில் ஓடும் மின்சாரம் நொடிக்கு 20,000 தடவைக்கும் மேல் திசை மாறும். அதனால் உண்டாகும் காந்தப்புலம் பாத்திரத்தின் அடியில் மின்னோட்டத்தைத் தூண்டி, பாத்திரத்தையே சூடாக்கிவிடும். காஸ் அடுப்பில் நாப் என்பது வால்வு. திருகினால் காஸ் வரும் வழியே திறக்கும், மூடும். இதில் அப்படி இல்லை. நாப்பைத் திருகினாலும் உள்ளே இருக்கும் எலக்ட்ரானிக் போர்டுக்கு "ஆறில் வை" என்று ஒரு சேதிதான் போகிறது. டச்சும் அதே சேதியைத்தான் சொல்கிறது. நாப் இருந்தால் எலக்ட்ரானிக்ஸ் தொல்லையே இல்லை என்று கடையில் யாராவது சொன்னால் நம்பாதே. சர்வீஸ் பெஞ்சில் உட்கார்ந்து சம்பாதித்தவன் சொல்கிறேன், போர்டு போனால் இரண்டும் ஒன்றுதான். உன் கைக்கும் அந்த போர்டுக்கும் நடுவில் எது இருக்க வேண்டும் என்பது மட்டும்தான் கேள்வி.

டச் பட்டனுக்கு அடியில் மெல்லிய மின்புலம் ஒன்று இருக்கிறது. விரல் பட்டதும் அது மாறுகிறது. யாரோ தொட்டார்கள் என்று போர்டு எடுத்துக்கொள்கிறது. விரல் பட்டால் மட்டும் மாறினால் பரவாயில்லை. தண்ணீர் பட்டாலும் மாறும், ஈரத்துணி பட்டாலும் மாறும். சமையல் நேரத்தில் காய்ந்த கையோடு நாம் எவ்வளவு நேரம் இருக்கிறோம்? பால் பொங்கி வழிகிறது என்று வை. அது வழிந்து வந்து நிற்கும் இடமும் அந்த பட்டன்கள் இருக்கும் இடமும் பெரும்பாலும் ஒன்றுதான். அணைக்கப் போகிற விரலுக்கும் கண்ணாடிக்கும் நடுவே சூடான பால். பல மாடல்களில் சில நொடி கழித்து 'பீப்' என்று கத்திவிட்டு அடுப்பு தானாகவே அணைந்துவிடும். பாதுகாப்புக்கு அது நல்லதுதான், நான் குறை சொல்லவில்லை. ஆனால் பக்கத்தில் ஒழுங்காக வெந்துகொண்டிருந்ததும் சேர்ந்து அணையும். துடைத்து, ஈரம் போகக் காயவைத்து, திரும்ப ஆன் செய்து, எந்த பர்னர் என்று காட்டி, அளவை ஏற்ற வேண்டும். நாப்பாக இருந்தால் வழிகிற ஒன்றை மட்டும் ஒரு திருப்பில் பூஜ்யத்துக்குக் கொண்டுவரலாம். ஈரக்கையோ, தடித்த கையுறையோ, எதுவும் தடை இல்லை.

கண் விஷயம் இன்னொன்று. நாப்பைக் கை தானே தேடிப் பிடிக்கும். டச்சைப் பார்த்துத்தான் தொட முடியும். அம்மாவுக்குக் கண்ணில் புரை இருப்பது உனக்குத் தெரியும். கறுப்புக் கண்ணாடியில் மங்கலாக எரியும் சிவப்பு எழுத்து அவளுக்கு ஒரு கோடாகத்தான் தெரிகிறது. உன் வீட்டுக்கு வந்தால் சும்மா உட்காரவும் மாட்டாள். தண்ணீர் சுடவைக்கக்கூட உன்னைக் கூப்பிட வேண்டும் என்றால் அவளுக்குப் பிடிக்காது. வாய்விட்டுச் சொல்லவும் மாட்டாள். பார்வையே இல்லாதவர்களுக்கு வழுவழுப்பான கண்ணாடியில் பிடித்துக்கொள்ள ஒன்றுமே கிடையாது. நாப்பில் ஒரு சின்ன மேடு இருந்தால் போதும், எந்த எண்ணில் நிற்கிறது என்று விரலே சொல்லிவிடும்.

இது அப்பாவின் பழைய காலத்துப் பிடிவாதம் என்று நினைக்காதே. 2017 ஆகஸ்டில் அமெரிக்காவின் ஜான் எஸ். மெக்கெய்ன் என்ற போர்க்கப்பல் சிங்கப்பூர் அருகே ஓர் எண்ணெய்க் கப்பலோடு மோதி 10 மாலுமிகள் இறந்தார்கள். பயிற்சிக் குறை, களைப்பு என்று விசாரணையில் பல காரணங்கள் வந்தன. கப்பலை ஓட்டிய தொடுதிரையில் வந்த குழப்பமும் அதில் ஒன்று. அதற்கப்புறம் வேகத்தைக் கட்டுப்படுத்தக் கையால் தள்ளும் நெம்புகோலுக்கே திரும்பப் போவதாகக் கடற்படை அறிவித்தது. அடுப்பும் போர்க்கப்பலும் ஒன்றில்லைதான். அவசரத்தில் கை தடுமாறுவது மட்டும் ஒன்று. உணவகச் சமையலறைகளுக்கென்று செய்யும் இண்டக்‌ஷன் அடுப்புகளைப் பார், அவற்றில் நாப் வைத்தவைதான் அதிகம்.

நாப்பில் குறையே இல்லையா? இருக்கிறது. கண்ணாடியைத் துளைத்துப் பொருத்திய நாப் என்றால் அதன் அடியில் பிசுக்கு சேரும், துடைப்பது எரிச்சல். முன்பக்கப் பலகையில் இருந்தால் அந்தத் தொல்லை குறைவு, ஆனால் போகிற போக்கில் இடுப்பு இடித்துத் திரும்பலாம். பாத்திரம் இல்லாவிட்டால் இண்டக்‌ஷன் சூடாகாது என்பதால் நான் அதற்கு ரொம்பப் பயப்படவில்லை. காலிப் பாத்திரத்தை அடுப்பிலேயே விட்டுவைக்கும் பழக்கம் இருந்தால்தான் ஆபத்து. டச்சுக்கு மட்டும் அந்த ஆபத்து இல்லையா என்ன? சியோல் நகரத்துத் தீயணைப்புத் துறை, 2019 ஜனவரியிலிருந்து 2021 நவம்பர் வரை 107 தீ விபத்துகளுக்குப் பூனைகள் காரணம் என்று சொன்னது. மின் அடுப்பின் டச் பட்டனைப் பாதத்தால் மிதித்து ஆன் செய்துவிடுகின்றனவாம். நீ பூனை வளர்க்கப் போவதாக வேறு சொல்லிக்கொண்டிருக்கிறாய். டச்சே வாங்கினாலும் பட்டன்களைப் பூட்டிவைக்கும் சைல்டு லாக் போடாமல் வெளியே போகாதே.

சில நாப்கள் முடிவே இல்லாமல் சுற்றிக்கொண்டே இருக்கும். அதை வாங்காதே. அது எங்கே நிற்கிறது என்பதற்கு அர்த்தமே இல்லை, மறுபடியும் திரையைத்தான் பார்க்க வேண்டும். பூஜ்யத்தில் 'டிக்' என்று நின்றுவிடுவதுதான் நல்லது. அதிலும் ஒரு கோளாறு உண்டு: பாத்திரத்தை எடுத்ததாலோ ஏதாவது பிழையாலோ அடுப்பு தானாக அணைந்துவிட்டால், நாப் மட்டும் ஆறைக் காட்டிக்கொண்டு நிற்கும். பூஜ்யத்துக்குக் கொண்டுவந்துவிட்டுத் திரும்ப வைக்க வேண்டியிருக்கும். கரண்ட் போய் வந்தால் அடுப்பு தானாக ஆன் ஆகிவிடுமா என்பதையும் கேட்டுத் தெரிந்துகொள். ஆகிவிடும் என்றால் அந்த மாடல் வேண்டாம்.

நாப் வைத்த மாடல்கள் குறைவு, அது உண்மை. தேடியும் கிடைக்காமல் டச்தான் வாங்க வேண்டி வந்தால், பர்னருக்கு ஒரு ஸ்லைடர் என்று தனித்தனியாக இருப்பதை எடு. விரலை இழுத்தால் ஒன்பதிலிருந்து இரண்டுக்கு நேராக வந்துவிடும். ஒரே ஒரு கூட்டல், கழித்தல் பட்டனை வைத்துக்கொண்டு, முதலில் பர்னரைத் தேர்ந்தெடு, அப்புறம் ஏழு தடவை அமுக்கு என்று சொல்கிற மாடல் எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் வேண்டாம். கடையில் கரண்டில் போட்டுக் காட்டச் சொல். விரலைத் தண்ணீரில் நனைத்துக்கொண்டு அணைத்துப் பார். விற்பவர் முறைத்தால் முறைக்கட்டும்.

எதை வாங்கினாலும் அதன் கையேட்டில் இருக்கும் அளவைப் பார்க்காமல் மேடையை வெட்டவிடாதே. முன்பக்கப் பலகை உள்ளதற்கு வெட்டும் அளவே வேறு. உள்ளே குளிர்விக்க ஒரு விசிறி ஓடும், அதற்கு அடியில் காற்றுப் போக இடம் விடச் சொல்லியிருப்பார்கள். கீழே டிராயர் வைக்க வேண்டும் என்றாயே, அந்த இடைவெளி போக மிச்சம் எவ்வளவு என்று தச்சரிடம் இப்போதே சொல்லிவிடு.

அன்புடன்,
அப்பா