மூலை தாண்டும் வேட்டைக்காரர்கள்மீது வழக்கு வேண்டாம்: கோரிக்கை மனு

பெறுநர்:
இயக்குநர் அவர்கள்,
மொன்டானா மாநில மீன், வனவிலங்கு, பூங்காக்கள் துறை,
ஹெலெனா.

பொருள்: தனியார் பண்ணைகளுக்கு நடுவே அடைபட்டுக் கிடக்கும் கூட்டரசு (அமெரிக்க மத்திய அரசு) நிலத்துக்கு மூலைக்கல் வழியாகக் கடப்பது தொடர்பாக.

மதிப்பிற்குரிய இயக்குநர் அவர்களுக்கு,

வணக்கம். நான் இந்த மாநிலத்தில் குடியிருப்பவன். வருடம் தவறாமல் எல்க் மான் வேட்டைக்கு உரிமம் வாங்குகிறேன். போன சீசனில், நான்கு சதுர நிலங்கள் சந்திக்கும் புள்ளியைக் காட்டும் ஒரு மூலைக்கல்லுக்கு முன்னால் அரை மணி நேரம் நின்றுவிட்டுத் திரும்பி வந்தேன். நான் நின்ற இடம் கூட்டரசு நிலம். குறுக்கே எதிரில் இருந்ததும் கூட்டரசு நிலம்தான். இரண்டும் அந்தக் கல்லில் தொட்டுக்கொள்கின்றன. நடுவே ஒரே ஒரு எட்டு. ஆனால் அந்த எட்டை வைக்கும்போது என் தோள் இரு பக்கத்துப் பண்ணை நிலத்தின் மேலுள்ள காற்றில் படும், அது அத்துமீறல் என்கிறார்கள். எதிர்ச்சரிவில் எல்க் கூட்டம் மேய்ந்துகொண்டிருந்தது. அந்த வயிற்றெரிச்சலைச் சொல்லி உங்கள் நேரத்தை வீணாக்கவில்லை.

இந்தச் சதுரங்கக் கட்டத்தைப் போட்டது பண்ணைக்காரர்கள் அல்ல. 1864இல் நார்தர்ன் பசிபிக் ரயில் பாதைக்காக, அதன் இருபுறமும் ஒற்றைப்படை எண்ணுள்ள செக்ஷன்களைக் கம்பெனிக்குக் கொடுத்துவிட்டு, இரட்டைப்படையை அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸ், அரசிடமே வைத்துக்கொண்டது. ஒரு செக்ஷன் என்றால் ஒரு சதுர மைல், 640 ஏக்கர். பின்னாளில் கம்பெனி நிலம் கைமாறிப் பண்ணைகளானது. அரசு நிலத்தில் ஒரு பகுதி மூலையில் மட்டும் தொட்டபடி தங்கிவிட்டது. ஆன்எக்ஸ் வரைபட நிறுவனம் 2022இல் போட்ட கணக்கின்படி, மேற்கு மாநிலங்களில் இப்படி மூலையில் பூட்டிக் கிடக்கும் பொது நிலம் சுமார் 83 லட்சம் ஏக்கர். மொன்டானாவில் மட்டும் 8.7 லட்சம் ஏக்கருக்கு மேல்.

வயோமிங்கில் நடந்தது உங்களுக்குத் தெரிந்ததே. எல்க் மலையில் மிசோரியிலிருந்து வந்த நான்கு வேட்டைக்காரர்கள் ஒரு இரும்பு ஏணியை மூலைக்கு மேல் நிறுத்தி, தனியார் மண்ணில் கால் படாமல் ஏறி இறங்கினார்கள். 2022இல் ஜூரி அவர்களை விடுவித்தது. பண்ணை உரிமையாளர் பல மில்லியன் டாலர் இழப்பீடு கேட்டுப் போட்ட வழக்கிலும், 2025 மார்ச்சில் பத்தாவது சர்க்யூட் நீதிமன்றம் (வயோமிங் உள்ளிட்ட சில மாநிலங்களுக்கான கூட்டரசு மேல்முறையீட்டு நீதிமன்றம்) வேட்டைக்காரர்கள் பக்கமே தீர்ப்புச் சொன்னது. அக்டோபரில் உச்ச நீதிமன்றம் மேல்முறையீட்டை எடுக்க மறுத்துவிட்டது. பத்தாவது சர்க்யூட் தீர்ப்புக்கு அடிப்படை, பொது நிலத்தை அடைத்து வைப்பதைத் தடுக்கும் 1885ஆம் ஆண்டுச் சட்டம். அதே நீதிமன்றம் 1988இல், பிராங்ஹார்ன் மான்களைக் குளிர்கால மேய்ச்சலுக்குப் போகவிடாமல் மறித்த 28 மைல் வேலியையும் இதே சட்டத்தின் கீழ்தான் சட்டவிரோதம் என்றது. மானுக்கு வழி கிடைத்து ரொம்ப காலத்துக்குப் பிறகுதான் மனிதனுக்குக் கிடைத்திருக்கிறது.

மொன்டானா ஒன்பதாவது சர்க்யூட்டில் இருப்பதால் அந்தத் தீர்ப்பு இங்கே கட்டுப்படுத்தாது என்பதும், இங்கே மூலை தாண்டுவது சட்டவிரோதமே என்று உங்கள் துறை அறிவித்திருப்பதும் எனக்குத் தெரியும். சரி, தீர்ப்பு கட்டுப்படுத்தாது. ஆனால் 1885 சட்டம் கூட்டரசுச் சட்டம்; அது வயோமிங் எல்லையோடு நிற்பதில்லை. கால் படாத மண்ணுக்காக ஒருவரைக் குற்றவாளியாக்க இங்கே எந்த நீதிமன்றத் தீர்ப்பைக் காட்டப்போகிறோம்?

ஆகவே, கூட்டரசு நிலத்திலிருந்து கூட்டரசு நிலத்துக்கு, தனியார் மண்ணை மிதிக்காமல், வேலியைச் சேதப்படுத்தாமல் மூலை தாண்டுபவர்மீது வேட்டைக் காவலர்கள் வழக்குப் பதிய வேண்டாம் என்று எழுத்துப்பூர்வமாக உத்தரவிடுமாறு கேட்டுக்கொள்கிறேன். வாய்வார்த்தை போதாது. ஒரு காவலர் விட்டுவிடுவார், அடுத்தவர் விடமாட்டார். அப்புறம் கவுண்டிக்கு ஒரு நியாயம் ஆகிவிடும். கூடவே, கூட்டரசின் நில மேலாண்மைத் துறையோடு பேசி, அதிகம் பேர் போகும் மூலைகளிலாவது அளவைக்கல்லைத் தேடி அடையாளம் நட வேண்டும். கையிலுள்ள போன் சில மீட்டர் தப்பாகக் காட்டும். மூலையோ ஒரு புள்ளி.

பண்ணைக்காரர்களின் பயம் எனக்குப் புரிகிறது. திறந்துவிட்ட கேட், சிதறிய மாடுகள், வழிதவறி வந்து சுடுபவர்கள்: இவர்களால் எனக்கும் கெட்ட பெயர்தான். தனியார் நிலத்தில் அனுமதியின்றி வேட்டையாடுபவரை விடாதீர்கள். அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை.

மூலைகூடத் தொடாத நிலங்களும் உண்டு. லூயிஸ்டவுன் பக்கம் டர்ஃபி மலைகளில் கூட்டரசு நிலம் சுற்றிலும் தனியாரால் சூழப்பட்டிருப்பதால், வேட்டைக்காரர்கள் சிறு விமானத்தில் போய் இறங்குகிறார்கள். விமானத்துக்குக் காசில்லாதவர் எட்டிப் பார்க்கவும் முடியாது. நில உரிமையாளருக்குப் பணம் கொடுத்துப் பொது நிலத்துக்கு வழி பெறும் ஒப்பந்தத் திட்டம் உங்கள் துறையிடமே இருக்கிறது. இத்தகைய இடங்களுக்கு அதில் முன்னுரிமை தாருங்கள்.

செப்டம்பரில் வில் வேட்டை தொடங்குவதற்கு முன் பதில் கிடைத்தால் உதவியாக இருக்கும். நான் திரும்பி வந்த மூலையின் வரைபடத்தை இத்துடன் இணைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
உரிமம் பெற்ற வேட்டைக்காரர் ஒருவர்,
மொன்டானா.