சனிக்கிழமை ஆட்டம்: மேடை கட்டுபவர்கள் கவனிக்க

இந்த வாரம் அல்டிமேட் சிக்கன் ஹார்ஸ் என்ற வீடியோ கேம். மேடை என்றால் அதில் நாம் ஓடித் தாண்டும் களம். ஒரே டிவி, 4 கன்ட்ரோலர்.

புதிதாக வருபவர்களுக்கு: ஒவ்வொரு சுற்றிலும் ஆளுக்கொரு பொருளை மேடையில் வைத்துவிட்டுக் கொடியை நோக்கி ஓட வேண்டும். எல்லாருமே கொடியைத் தொட்டால் யாருக்கும் புள்ளி கிடையாது. யாருமே தொடாவிட்டாலும் அதே கதிதான். அதனால் நீங்கள் தாண்டி, மற்றவர் மாட்டுகிற பொறிதான் லாபம். கூடுதல் புள்ளி தரும் நாணயத்தை எடுத்தால் மட்டும் போதாது, கொடி வரை கொண்டுபோக வேண்டும்.

முதல் சுற்றிலேயே ரம்பத்தையும் முள்கம்பியையும் கொடி வாசலில் குவிக்காதீர்கள். வழி அடைபட்டால், வைக்கும் பொருளாக யார் கைக்காவது குண்டு வந்து அதை உடைக்கும்வரை எல்லாரும் சும்மா செத்துக்கொண்டிருக்க வேண்டியதுதான். அம்பு விடும் வில்லுக்குப் பயப்படவே வேண்டாம், எதிரே ஒரு பலகை வைத்தால் அடங்கிவிடும்.

சொந்த மேடை கொண்டுவருபவர்கள் ஃப்ரீ ப்ளேயில் (விருப்பம்போல் மேடை கட்டிப் பார்க்கும் பகுதி) கட்டி, நீங்களே 3 முறை ஓடி முடித்துவிட்டு, மேடையைப் பகிரும் குறியீட்டை வெள்ளி இரவுக்குள் இங்கே போடுங்கள். மயிரிழையில் தப்பும் தாவல்கள் வேண்டாம். மானிட்டரில் எளிதாக வருவது டிவியில் தாமதத்தால் தவறும். டிவி வைத்திருப்பவர் அந்தத் தாமதத்தைக் குறைக்கும் கேம் மோடை டிவியில் போட்டுவிடுங்கள், பாதி சண்டை அங்கேயே தீரும்.