கைத்துப்போன மொலாசசும் மெத்தென்ற குக்கியும்: வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். போன மார்கழியில் எங்கள் கடையில் மொலாசஸ் என்ற கரும்புப் பாணி வாங்கிக் குக்கி சுட்டவர்களிடமிருந்து இரண்டு முறைப்பாடுகள் வந்தன. ஒன்று, கைக்கிறது. மற்றது, ஆறினதும் கல்லாகிவிடுகிறது. முதலாவது முழுக்க எங்கள் பிழை. இரண்டாவதில் எங்களுக்குப் பாதிப் பங்கு, மீதி அவணுக்கு முன்னால் நின்றவர்களுடையது. இரண்டையும் விளக்கி எழுதினால் இந்த முறை நிம்மதியாகச் சுடுவீர்கள் என்றுதான் இந்த மடல்.

நடந்தது இதுதான். கிறிஸ்மசுக்கு இரண்டு கிழமை இருக்கும்போது எங்களிடமிருந்த மொலாசஸ் முடிந்துவிட்டது. மொத்த வியாபாரியிடம் கேட்டால், வேறொரு வகை மலிவாக இருக்கிறது என்றார். கறுப்பாக, தடிப்பாக இருந்தால் எல்லாம் ஒன்றுதானே என்று நாங்களும் நாலு பெட்டி இறக்கிவிட்டோம். ஒரு கிழமை போகவில்லை, வழமையாக வரும் அக்கா ஒருவர் ஐஸ்கிறீம் பெட்டியொன்றைக் கொண்டுவந்து காசு மேசையில் வைத்தார். "தம்பி, ஒண்டைக் கடிச்சுப் பாரும்" என்றார். உள்ளே பத்துப் பதினைந்து குக்கி, அட்டைக்கரி நிறம். கடித்தேன். முதலில் இஞ்சி தெரிந்தது. அப்புறம் வடகம் கருகினது போல ஒரு கைப்பு அடிநாக்கில் போய் உட்கார்ந்துகொண்டது. "மகளின்ர பள்ளிக்கூடத்துக்கெண்டு செய்தது. ரீச்சர் ஒண்டைச் சாப்பிட்டிட்டு, நல்ல ஸ்ரோங் எண்டு சொன்னவ" என்றார். அவர் சிரிக்கவில்லை, நானும் சிரிக்கவில்லை.

அக்கா போன பிறகுதான் போத்தலைத் திருப்பி எழுத்தை வாசித்தேன். பிளாக்ஸ்ராப் என்று போட்டிருந்தது.

மொலாசஸ் என்பது ஒரு பொருளின் பெயரல்ல, ஒரு குடும்பத்தின் பெயர். கரும்புச் சாற்றைக் காய்ச்சி, சீனி மணி மணியாகத் திரண்டதும் அதைப் பிரித்தெடுத்தால் ஒரு பாணி மிஞ்சும். அதைத் திரும்பக் காய்ச்சி இன்னும் கொஞ்சம் சீனி எடுப்பார்கள். மூன்றாம் முறையும் எடுத்த பிறகு மிஞ்சுகிற தார் போன்ற சாமான்தான் பிளாக்ஸ்ராப். ஒவ்வொரு காய்ச்சலிலும் இனிப்பு குறைந்துகொண்டே போகும். கரும்பிலிருந்த இரும்பும் கல்சியமும் பொட்டாசியமும் திரண்டுகொண்டே வரும், கைப்பும் கூடவே ஏறும். சத்துக்கென்று காலையில் ஒரு கரண்டி குடிக்கிறவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கு அது சரி. குக்கிக்குச் சரியில்லை.

குக்கிக்கு வேண்டியது கனடாவில் ஃபான்சி மொலாசஸ் என்று விற்கிறது. பெயரைப் பார்த்து ஏதோ விளம்பரச் சொல் என்றுதான் நான் பல வருடம் நினைத்திருந்தேன். இல்லை, இந்த நாட்டு உணவுச் சட்டத்தில் அதற்கு வரைவிலக்கணமே இருக்கிறது: சீனி பிரித்தெடுக்கப்படாத கரும்புச் சாற்றை வற்றக் காய்ச்சி எடுத்ததாக இருக்க வேண்டும். அதாவது, எங்கள் ஊரில் பதநீரைப் பனங்கட்டியாகக் காய்ச்சும்போது கட்டிப்பட முதல் இறக்கினால் இருக்குமே, அந்த நிலைக்குக் கிட்டின சாமான். நிறம் கறுப்பல்ல, வெளிச்சத்தில் பிடித்தால் செம்மண்ணிறம் ஓடும். குக்கிங் மொலாசஸ் என்று எழுதியிருந்தால் அது ஃபான்சியும் பிளாக்ஸ்ராப்பும் கலந்தது. அவரை வகைகளை அவணில் வேகவைக்கிறவர்களுக்கு நல்லது. குக்கிக்குப் போட்டால் பெரியவர்கள் சாப்பிடுவார்கள், பிள்ளைகள் பாதியில் வைத்துவிடுவார்கள். அமெரிக்காவிலிருந்து வரும் போத்தல்களில் மைல்ட், லைற் என்றெல்லாம் இருக்கும், அவை பாவிக்கலாம். கந்தகம் சேர்க்காதது என்று எழுதியிருக்கிறதா என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள், மணம் சுத்தமாக இருக்கும்.

இனி, கல்லாகிற கதை. இந்தப் பழைய வகைக் குக்கி கிழமைக் கணக்கில் மெத்தென்று இருப்பதற்குக் காரணமே பாணிதான். வெள்ளைச் சீனி ஆறினதும் திரும்ப மணியாக இறுகப் பார்க்கும். மொலாசஸில் அந்தச் சீனியில் ஒரு பகுதி ஏற்கெனவே குளுக்கோசாகவும் ஃபிரக்டோசாகவும் உடைந்திருக்கிறது. இவை இரண்டும் இறுகாமல் ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். மாரி காலத்தில் உப்புப் போத்தல் தானாகக் கசிவதைப் பார்த்திருப்பீர்கள், கிட்டத்தட்ட அதே குணம். பிளாக்ஸ்ராப்பில் சீனியே குறைவு, ஆகவே அந்த உதவியும் குறைவு. எங்கள் பங்குப் பிழை இதுதான்.

உங்கள் பங்கு இரண்டு. முதலாவது மா. கோப்பையை மா வாளிக்குள் விட்டு அள்ளினால் ஒரு கோப்பையில் 150 கிராமுக்கு மேலும் போகும். கரண்டியால் இட்டு மேலே வழித்தால் 130க்குள் நிற்கும். மூன்று கோப்பை அள்ளினால் அரைக் கோப்பை மா கூடிவிடும், பிறகு குக்கி என்ன செய்யும்? பத்துப் பதினைந்து டொலருக்குத் தராசு கிடைக்கிறது. எங்களிடம்தான் வாங்க வேண்டுமென்றில்லை.

இரண்டாவது, நேரம். மற்றக் குக்கிகளை நிறம் பார்த்து எடுப்போம். இது அவணுக்குள் போக முதலே மண்ணிறம், நிறம் ஒன்றும் சொல்லாது. நடுவில் ஈரமாக, இன்னும் வேகாதது போல இருக்கும்போதே எடுக்க வேண்டும். மேலே வெடிப்பு விழுந்திருக்கும், வெடிப்புக்குள் எட்டிப் பார்த்தால் பளபளப்புத் தெரியும், ஓரத்தை விரலால் தொட்டால் மட்டும் பிடிப்பு இருக்கும். அதுதான் பதம். தட்டின் சூட்டிலேயே மிச்சம் வெந்துவிடும். "பச்சையாக் கிடக்கு, இன்னும் ரெண்டு நிமிசம் விடுவம்" என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். அந்த இரண்டு நிமிடத்தில்தான் கல்லாகிறது.

எங்கள் வீட்டில் செய்கிற அளவைத் தருகிறேன். இந்த மடலுக்காக இன்னும் இரண்டு தரம் செய்து பார்த்த அளவு. 170 கிராம் பட்டரை அறைச் சூட்டில் இளகவிட்டு, 150 கிராம் பிறவுண் சீனியோடு சேர்த்து அடியுங்கள். ஒரு முட்டை, பிறகு அரைக் கோப்பை ஃபான்சி மொலாசஸ். கோப்பைக்குள் முதலில் ஒரு துளி எண்ணெய் பூசினால் பாணி ஒட்டாமல் வழுக்கிக்கொண்டு விழும். குளிருக்குப் போத்தலில் இறுகிக் கிடந்தால் சுடுதண்ணீரில் கொஞ்ச நேரம் நிற்கவிடுங்கள். இந்த நேரத்தில் கலவை திரைந்தது போலத் தெரியலாம், பயப்பட வேண்டாம், மா சேர்ந்ததும் சரிவரும்.

வேறு பாத்திரத்தில் 340 கிராம் கோதுமை மா, 2 தேக்கரண்டி அப்பச்சோடா, அரைத் தேக்கரண்டி உப்பு, 2 தேக்கரண்டி இஞ்சித் தூள், ஒன்றரைத் தேக்கரண்டி கறுவாத் தூள், அரைத் தேக்கரண்டி கராம்புத் தூள். கராம்பைக் கூட்டிவிடாதீர்கள், பல்வலி மருந்து மணம் வந்துவிடும். அப்பச்சோடாவுக்குப் பதில் பேக்கிங் பவுடர் போடலாமா என்று பலர் கேட்கிறீர்கள். வேண்டாம். மொலாசஸில் இயல்பாகவே கொஞ்சம் புளிப்பு இருக்கிறது. சோடா அந்தப் புளிப்போடு சேர்ந்துதான் பொங்கும், பொங்கும்போதே அதைத் தணித்தும் விடும். பேக்கிங் பவுடர் தன் புளிப்பைத் தானே கொண்டுவருகிறது, ஆகவே மொலாசஸின் புளிப்பு அப்படியே நிற்கும்.

மாவைச் சேர்த்ததும் அதிகம் பிசையாமல், வெள்ளை மறையும் வரை மட்டும் கிளறி, மூடி இரண்டு மணித்தியாலம் குளிர்சாதனப் பெட்டியில் வையுங்கள். கையில் ஒட்டுகிறதே என்று மா தூவுகிறவர்கள் உண்டு, கல்லுக்கு அதுவும் ஒரு வழி. குளிர்ந்தால் ஒட்டாது. தேசிக்காய் அளவில், 40 கிராம் உருண்டைகளாக உருட்டி, சீனியில் பிரட்டி, கடதாசி விரித்த தட்டில் இடம் விட்டு வையுங்கள். இருபத்திரண்டு வரும். 350 பாகை ஃபரனைட், அதாவது ஏறக்குறைய 175 செல்சியஸ், 9 முதல் 10 நிமிடம். தட்டிலேயே ஐந்து நிமிடம் ஆறவிட்டுக் கிளப்புங்கள். அன்றே சாப்பிடலாம்தான், ஆனால் மறுநாள்தான் இஞ்சியும் கறுவாவும் இறங்கி நிற்கும். தகர டப்பாவில் ஒரு துண்டுப் பாணோடு மூடி வைத்தால் பாண் காயும், குக்கி காயாது.

முட்டை சேர்க்காதவர்களுக்கு ஒரு நல்ல செய்தி. இந்தக் குக்கிகளில் மிகப் பழைய வகையொன்றில் முட்டையே இல்லை. மசாசுசெட்ஸ் மாநிலத்தில் மார்பிள்ஹெட் என்ற மீன்பிடி ஊரில் ஜோ ஃபிரொகர் என்று ஒரு பெரிய தட்டைக் குக்கி உண்டு. அமெரிக்க விடுதலைப் போரில் பங்குபற்றிய ஜோசப் பிறவுண் என்ற கறுப்பினத்தவரும் மனைவி லுக்ரீஷியாவும் அங்கே ஒரு தவறணை நடத்தினார்கள், அங்கேதான் இது பிறந்தது என்பது ஊர்க்கதை. மொலாசஸ், ரம், உப்புக் கரைத்த தண்ணீர், மசாலா. முட்டையும் பாலும் இல்லாததால் மீனவர்கள் கடலுக்குக் கொண்டுபோனால் நாள்கணக்கில் கெடாது. ஆகவே முட்டைக்குப் பதில் 3 மேசைக்கரண்டி சுடுதண்ணீர் விடுங்கள். கொஞ்சம் அடர்த்தியாக வரும், அவ்வளவுதான். ரம் உங்கள் விருப்பம்.

மீனவர்கள் என்றதும் இன்னொன்றையும் சொல்ல வேண்டும். கனடாவின் கிழக்குக் கரையிலுள்ள நோவா ஸ்கோஷியாவில், நியூஃபவுண்ட்லாந்தில், அமெரிக்காவின் வடகிழக்கிலுள்ள நியூ இங்கிலாந்தில் கரும்பு விளையாது. பிறகு எப்படி ஒவ்வொரு குசினியிலும் மொலாசஸ்? இந்தக் கரையிலிருந்து உப்புப் போட்டுக் காயவைத்த கொட் மீன் கப்பலில் கரீபியன் தீவுகளுக்குப் போனது. நம் பாஷையில் கருவாடு. அதிலும் தரம் குறைந்தது, அங்கே கரும்புத் தோட்டங்களில் அடிமைகளாக வதைபட்டவர்களின் சாப்பாட்டுக்கு. திரும்பி வந்த கப்பல்களில் அவர்கள் உழைப்பில் விளைந்த மொலாசசும் ரம்மும் வந்தன. வெள்ளைச் சீனி பணக்காரர் வீட்டில், மொலாசஸ் மற்றவர்கள் வீட்டில். பிரித்தானியப் பாராளுமன்றம் 1733இல் வேற்று நாட்டுத் தீவுகளிலிருந்து வரும் மொலாசசுக்கு கலனுக்கு 6 பென்ஸ் வரி போட்டதும் கடத்தல்தான் பெருகியது. நியூஃபவுண்ட்லாந்தில் இன்றும் மொலாசசைச் செல்லமாக லாஸி என்கிறார்கள். நோவா ஸ்கோஷியாவின் கேப் பிரெற்றனில் இந்த மெத்தென்ற குக்கிக்கு ஃபற் ஆர்ச்சி, அதாவது தடியன் ஆர்ச்சி என்று பெயர். எந்த ஆர்ச்சி என்று யாருக்கும் கவலையில்லை.

இந்த ஊர் ஆட்கள் மந்தமானவரை ஜனவரி மொலாசஸ் என்று சொல்வார்கள். ஆனால் 1919 ஜனவரி 15இல் பொஸ்ரனில் ஒரு மொலாசஸ் தாங்கி வெடித்து, தெருவில் அலையாகப் பாய்ந்து 21 பேரைக் கொன்றது. அந்த ஒரு ஜனவரியில் அது மெதுவாகப் போகவில்லை.

கித்துள் என்ற பனை வகையின் பாணியில் செய்யலாமா என்று கேட்டவர்களுக்கு: செய்யலாம், நாங்கள் செய்தோம், ஒரு நாளில் டப்பா காலி. ஆனால் அது கித்துள் குக்கி. மொலாசஸின் அந்த மெல்லிய கைப்பு இல்லாமல் இஞ்சி தனித்து நிற்கும். பாணி இளக்கமாக இருந்தால் முதலில் கொஞ்சம் வற்றக் காய்ச்சி ஆறவிட வேண்டியிருக்கும்.

இனிக் கணக்கு. போன மார்கழியில் எங்களிடம் பிளாக்ஸ்ராப் வாங்கியவர்கள், திறந்த போத்தலானாலும் பாதி முடிந்த போத்தலானாலும் கொண்டுவந்து ஒரு ஃபான்சி போத்தல் எடுத்துச் செல்லலாம். பற்றுச்சீட்டு வேண்டாம், தை மாதம் முடியும் வரை மாற்றித் தருவோம். புதுச் சரக்கு வந்துவிட்டது. மா, சீனி இருக்கும் வரிசையில், கண் மட்டத்தில் இருக்கிறது. பிளாக்ஸ்ராப் கேட்கிறவர்களுக்கும் வைத்திருக்கிறோம், ஆனால் அதைத் தேன், சத்துமா பக்கம் மாற்றிவிட்டோம். மேலே தமிழில் பெரிதாக "கைக்கும்" என்று எழுதி ஒட்டியிருக்கிறது.

அந்த அக்காவுக்கு: உங்களுக்கு ஒரு போத்தலும் இரண்டாம் தரம் சுட்டதில் ஒரு டப்பாவும் காசு மேசைக்குக் கீழே எடுத்து வைத்திருக்கிறோம். ஐஸ்கிறீம் பெட்டியும் கழுவி வைத்திருக்கிறது, வரும்போது மறக்காமல் கேளுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் கடைக்காரர்
ஸ்காபரோ, ரொறன்ரோ